துணை ஆள் பெயர்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. யாரோ சொல்லிக் கேட்டு நான் இதை எழுதவில்லை. என் கண்ணால் பார்த்தேன். பட்டப்பகலில் பார்த்தேன்.

1984, மே மாதம், செவ்வாய்க்கிழமை. செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜில் நான் மேனேஜர். கோட்டை பார்க்க வருகிறவர்களை நம்பித்தான் பிழைப்பு. முதலாளி அரங்கநாதன் ஒரு சட்டம் வைத்திருந்தார். தனி ஆளுக்கு ரூம் கிடையாது. முந்தின வருடம் தனியாக வந்த ஒருவன் மூன்றாம் நம்பர் அறையில் தூக்கு மாட்டிக்கொண்டான். போலீஸ், கேஸ் என்று ஆறு மாதம் அலைந்தோம். அதிலிருந்து ரிஜிஸ்டரில் 'துணை ஆள் பெயர்' என்று ஒரு கட்டம் போட்டோம். அது நிரம்பாமல் சாவியைத் தொடக்கூடாது.

காலை 9.40. நாற்பது வயது இருக்கும், ஒரு பெண்மணி பையோடு வந்து நின்றார். பெயர் சுந்தராம்பாள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"ஒரு ரூம் குடுங்க தம்பி. குளிச்சிட்டுக் கோட்டை ஏறணும். நாளைக்குச் சிங்கவரம் பெருமாளப் பாத்துட்டுக் கெளம்பிருவேன்."

"கூட யாரு?"

"யாருமில்ல."

"அப்ப ரூம் இல்லம்மா."

அவர் சிரித்தார். ராமேஸ்வரம் தீவில் கடலோரமாக அவரே பத்து அறை லாட்ஜ் நடத்துகிறாராம். கணவர் இறந்த பிறகு வருடத்துக்கு ஓர் ஊர் பார்ப்பது வழக்கமாம். "எங்க கரைக்குத் தனியா வர்ற பொம்பளைக்குத்தான் கடல் பாத்த ரூமைக் குடுப்பேன்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. எனக்கே பாடம் எடுக்கிறாளா இவள்?

"அப்ப உங்க தீவுக்கே போய்க் குளிங்க. இல்லாட்டி ஒரு துணைய இட்டுகினு வாங்க, சாவி தர்றேன்."

"நெசமாவா தம்பி? துணையோட வந்தா தருவீங்களா?"

"தர்றேன், தர்றேன். போங்க."

பையைத் தூக்கிக்கொண்டு கோட்டைச் சாலையில் நடந்தார். நான் அப்போதே அவரை மறந்துவிட்டேன்.

என் மனைவி கமருன்னிசா மத்தியானம் சரியாக ஒரு மணிக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். வீடு கோட்டைச் சாலையில், குளத்துக்கு அந்தப் பக்கம். லாட்ஜின் முன்வாசலுக்கு அவள் வந்ததே இல்லை. பின்கதவில் கேரியரை வைத்து இரண்டு தட்டுத் தட்டுவாள். அவள் என்றால் எனக்கு உயிர். அதை ஒரு நாளாவது வாய்விட்டுச் சொன்னேனா, பாவி?

மணி 1.00. பின்கதவு தட்டவில்லை.

1.10. இல்லை.

1.15. கரண்ட் போனது. விசிறி நின்றது. பசியில் வயிறு எரிந்தது.

1.18. முன்வாசலில் நிழல்... நிமிர்ந்து பார்த்தேன். தீவுக்கார அம்மாள். தலைமுடி ஈரமாக ஒட்டியிருந்தது. அவர் பின்னால், படிக்கு வெளியே, வெயிலில் என் கமரு.

இரண்டு பேர் காலிலும் செருப்பில்லை. தார் உருகுகிற வெயில். ஆனாலும் கமரு காலை மாற்றி வைக்கவில்லை.

"துணை வந்தாச்சு தம்பி. எழுதுங்க."

"கமரு! இன்னாடி இது? சோறு எங்க?"

முந்தானையிலிருந்து தண்ணீர்... சொட்... சொட்...

"இவங்க கூட இருக்கப் போறியா?"

வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

முன்வாசலுக்கு வந்த கூச்சம் என்று நினைத்தேன். "வாயத் தொறந்து சொல்லேன்டி!" என்று கத்தினேன். வேகவேகமாகத் தலையாட்டினாள்.

"எழுதுங்க."

அம்மாள் நான்கடி தள்ளி நின்றார். குரல் என் காதுக்குள் கேட்டது.

ரிஜிஸ்டரை இழுத்தேன். சுந்தராம்பாள், ராமேஸ்வரம். துணை ஆள் பெயர்... கமருன்னிசா. நேரம் 1.20.

பேனாவைத் தாளிலிருந்து எடுத்தேன். கமரு படியைத் தாண்டி உள்ளே நின்றாள்.

இப்போது தலையாட்டவில்லை.

ஏழாம் நம்பர் சாவியைக் கொடுத்தேன். மாடி ஏறினார்கள். மரப்படி. பூனை ஏறினாலே கிறீச்சிடும்.

சத்தமே இல்லை.

1.35. மேலே பக்கெட்டில் தண்ணீர் கொட்டியது. காலையிலிருந்து தொட்டி காலி...

1.50. வாசலில் சைக்கிள் விழுந்தது. கமருவின் தம்பி பீர் முகமது.

"மச்சான்... அக்கா..."

"மேல இருக்காடா."

"எந்த மேல? நான் ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றேன்! பொழச்சிக்கும்னாங்க மச்சான்... அதான் ஒனக்கு அப்பறமா சொல்லலாம்னு... அக்கா போயிடுச்சு மச்சான்!"

மாடிக்கு ஓடினேன். ஏழாம் நம்பர் உள்ளே தாழ். உடைத்தோம். யாருமில்லை. இரண்டு தலையணையும் ஈரம்.

நடந்தது இதுதான். ரூம் கிடைக்காத அந்த அம்மாள் கோட்டை ஏறி இறங்கிவிட்டு, குளிக்கக் குளத்தில் இறங்கியிருக்கிறார். பாசியில் வழுக்கிவிட்டது. கேரியரோடு வந்த கமரு பார்த்துவிட்டுக் கை கொடுத்திருக்கிறாள். இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள். 12.35க்குத் தூக்கியபோது அம்மாளுக்கு உயிரில்லை. கமருவுக்கு இருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு பத்துக்குக் கண்ண நல்லா தொறந்துச்சு சார். பொழச்சிடுச்சுன்னுதான் நெனச்சோம். திடீர்னு தலைய இப்பிடி அப்பிடி ஆட்டிச்சு. ஒண்ணு இருபதுக்கு அடங்கிடுச்சு."

கொஞ்சம் தயங்கினாள்.

"கடைசி வரைக்கும் உங்களத்தான் கூப்ட்டுச்சு. 'என்னாங்க, எழுதாதீங்க... என் பேர எழுதாதீங்க'ன்னு. எதுல எழுதறதச் சொல்லிச்சு சார்?"