பிட்டுக்கு உப்பும் மண்ணெண்ணெய்ப் பங்கும்

வலிகாமத்தில் முதன்முதல் கொம்பியூட்டர் புரோகிராம் எழுதியவன் நான்தான். பொய். நான் எழுதியது ஒரேயொரு எண். அதுவும் வேலை செய்யவில்லை.

கரண்ட் இல்லாத காலம். சண்டிலிப்பாயில் கொம்பியூட்டர் வகுப்பு வைத்திருந்த ரீச்சர், கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய்ப் பங்குச் சீட்டு, எங்கள் பேச்சில் துண்டு, அடித்துக் கொடுக்க ஒரு புரோகிராம் செய்திருந்தார். பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரை இழுத்துவிடுவது நான். மண்ணெண்ணெய்த் துண்டு அடிக்க மண்ணெண்ணெய் எரித்த ஊர் எங்களது. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஐந்தாம் வகுப்போடு கோபம். அந்தத் திரையில் எனக்குப் பிடிபட்டவை எண்கள் மட்டும்.

அன்று லொறி குறைவாகக் கொண்டுவந்தது. குடும்பத்துக்கு இரண்டு போத்தல் இல்லை, ஒன்றுதான். ரீச்சர் வரமுந்தி கெட்டித்தனம் காட்ட நினைத்து, புரோகிராமின் மேல்வரியில் இருந்த இரண்டை நானே ஒன்றாக்கி, துண்டு அடிக்க விட்டேன். எல்லாத் துண்டிலும் இரண்டு போத்தல். அதைக் கொடுத்திருந்தால் வரிசையில் பின்பாதி வெறும் எண்ணெய்க் கானோடு வீட்டுக்குப் போயிருக்கும்.

ரீச்சர் வந்து துண்டுகளைக் கிழித்தார், ஏசவில்லை. நான் மாற்றியது எழுதிவைத்ததை. ஓடியதோ முந்தியே கட்டி முடித்த புரோகிராம், அதற்குள் இரண்டு ஊறிப்போய்விட்டது என்றார். நான் முழித்தேன்.

"அண்ணை, பிட்டுக்கு உப்பு மாக் குழைக்கேக்கை போடுறது. அவிச்சாப் பிறகு மாத்தேலுமே?"

"அப்ப சம்பல்?" என்றேன் பகிடிக்கு.

அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். "ஓம். பங்கு சம்பல்தான். கோப்பையிலை வைக்கேக்கைதான் எவ்வளவெண்டு தெரியும்."

உட்கார்ந்து திருத்தினார். கலனுக்கு ஆறு போத்தல் என்பதைக் குழைத்தபடியே விட்டார். அது என்றும் ஆறு. பங்கை மட்டும் புரோகிராம் தொடங்கும்போது ஒருமுறை கேட்கும். பிறகு நிற்பாட்டும்வரை பார்க்கலாம், மாற்ற முடியாது. யார் சிரித்துக் கேட்டாலும் மசிகிற ஆள் நான். எந்தச் சிரிப்புக்கும் மசியாத ஒன்றை அந்தப் பெண் கட்டுவதை வாய் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாதித் துண்டு அடித்தபோது சங்கக்கடை மனேச்சர் வந்து, தன் துண்டில் மட்டும் இரண்டு போடும்படி காதுக்குள் சொன்னார். மாற்ற முடியாது என்றேன்.

"அப்ப நிப்பாட்டிப்போட்டுத் திருப்பித் தொடங்கன்."

மனுசன் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். ரீச்சர் என்னைப் பார்த்தார்.

"உதை நிப்பாட்டினா ஜெனரேற்றரும் நிண்டிடும், ஐயா. திருப்பி எடுக்கப் பெற்றோல் இல்லை," என்றேன், வரிசைக்கே கேட்க.

அவரும் ஒரு போத்தல் துண்டோடு போனார். பெற்றோல் என் சேட்டுப் பைக்குள், மருந்துப் போத்தலில் இருந்தது. ரீச்சர் அதைக் கண்டுவிட்டு முதல்முறையாகச் சிரித்து—

இப்போது குசினியிலிருந்து மனுசி கூப்பிடுகிறாள்: "இஞ்சாருங்கோ, பிட்டு ஆறுது. உப்புக் குறைவு, இனி மாத்தேலாது, ஒண்டும் கதையாமல் வந்து சாப்பிடுங்கோ."