காவேரிப் பாலத்தில் ஒரு டாட்டா

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நான் ஒரு வடிகட்டின முட்டாள். ரயிலுக்கு டாட்டா காட்டுவதற்காகவே பெங்களூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் வரை டிக்கெட் எடுத்துப் போனவன். சின்ன வயதில் இல்லை. போன வருஷம், தலையில் முடியெல்லாம் விடைபெற்ற பிறகு.

என் மனைவிக்குப் பதவி உயர்வு கொடுத்து மைசூருக்கு மாற்றிவிட்டார்கள். எனக்குப் பெங்களூர் பீன்யாவில் ஃபேக்டரி வேலை, விட்டுவிட்டுக் கூடவே போக முடியாது. சனிக்கிழமை ஜீவனஹள்ளியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவாள், ஞாயிறு மத்தியானம் நான்தான் ஸ்டேஷன் போய் ரயிலேற்றிவிடுவேன். ஒரே வீட்டில் இருந்த வருஷங்களில் அவள் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் காது கேட்காதவன் மாதிரி இருந்த ஆள் நான். இப்போது திங்கட்கிழமை காலையில், அவள் குடிக்காத காபிக்கு டம்ளரை எடுத்து வைத்துவிட்டு முழிக்கிறேன்.

ரயிலில் போனில் பேசிக்கொண்டே போவாள். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பழைய ரயில் பாலம் வந்தால் மட்டும், "வெச்சிடறேங்க, காவேரி வருது" என்று கட் பண்ணிவிடுவாள். ஆற்றைப் பார்க்க வேண்டுமாம்! எனக்கு ஆற்றின் மேல் பொறாமை. அவள் பார்க்கிற இடத்தில் நானும் தெரிய வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

"இந்த ஞாயிறு ஓவர்டைம், ஸ்டேஷனுக்கு வர முடியாது" என்று புளுகினேன். அவள் மைசூருக்கு எடுத்துப்போகும் பருப்புப்பொடி டப்பாவைக் கொஞ்சம் அழுத்தி மூடினாள், அவ்வளவுதான்.

ஞாயிறு மத்தியானமே போய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் கரையோரம் நின்றுவிட்டேன். அந்தக் காலத்துக் கல்தூண்கள், கீழே பாறைகளுக்கு நடுவே புகுந்து ஓடும் தண்ணீர். வந்த ரயிலுக்கெல்லாம் கையாட்டி ஒத்திகை பார்த்தேன். சரக்கு ரயிலைக்கூட விடவில்லை. அன்றைக்கு அவளிடமிருந்து போனே வரவில்லை. ஓவர்டைமில் இருக்கிற மனுஷனைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று இருப்பாள் என நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவள் ரயில் வரும் நேரம். தூரத்திலேயே தெரியட்டும் என்று பையிலிருந்து சிவப்புத் துண்டை எடுத்து உதறினேன். தண்டவாளம் பார்த்துக்கொண்டு வந்த ரயில்வே ஊழியர் ஓடி வந்து அதைப் பிடுங்கினார்.

"ஏன் சாமி, ரயிலை நிறுத்தி ஜெயிலுக்குப் போறதா உத்தேசமா?" என்று கன்னடத்தில் கத்தினார். சிவப்புத் துணி காட்டினால் டிரைவர் பிரேக் போடுவார் என்பது என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

"என் மனைவி வர்றாங்க, அதான்..." என்றேன்.

அவர் என் வழுக்கையைப் பார்த்தார். "புதுக் கல்யாணமா?"

பதில் சொல்வதற்குள் ரயில் பாலத்தில் ஏறிவிட்டது. வெறும் கையையே காற்றாடி மாதிரி சுழற்றினேன். குழந்தைகள் கையாட்டினார்கள், வாசலில் நின்ற காலேஜ் பசங்கள் விசிலடித்தார்கள், ஒரு பாட்டியம்மா கும்பிடுகூடப் போட்டார். மொத்த ரயிலும் எனக்கு டாட்டா சொன்னது. அவள் முகம் மட்டும் எந்த ஜன்னலிலும் இல்லை. கடைசிப் பெட்டி போன பிறகும் கை தானாக ஆடிக்கொண்டிருந்தது. ஊழியர் துண்டை என் தோளில் போட்டுவிட்டுப் போனார்.

மனசு கேட்காமல் போன் போட்டேன். "பாலத்துகிட்ட ஒரு மொட்டைத்தலையன் கையாட்டினானே, பார்த்தியா?"

மறுபக்கம் ரயில் சத்தத்தையே காணோம். குக்கர் விசில்தான் கேட்டது, எங்கள் வீட்டுக் குக்கர்.

"நீ... எங்கே இருக்கே?"

பிரிந்திருப்பது எனக்கு மட்டும் வந்த சீக்கு என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் ஸ்டேஷனில், "சரி, கிளம்புங்க, நிக்காதீங்க" என்று என்னை விரட்டுகிறவள் அவள்தானே! இன்றைக்கும் யார் 'காவேரி' என்று சொன்னாலும் எனக்கு ஆறு ஞாபகம் வருவதில்லை, அந்தக் குக்கர் சத்தத்துக்கு நடுவே அவள் வெடுக்கென்று சொன்னதுதான்:

"நீங்க ஸ்டேஷனுக்கு வரலைல்ல, நானும் ரயிலேறலை."