தறி நின்ற அமாவாசை

நகராட்சி அலுவலகத்தின் பிறப்பு இறப்புப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் இருந்தவன் நான். காஞ்சிபுரத்தில் ஒருவர் இறந்துவிட்டார் என்று நிறுவ என்னென்ன வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒருவர் இறக்கவில்லை என்பதை அவரிடமே நிறுவ எந்தப் படிவமும் கிடையாது என்பது எழுபதுகளின் தொடக்கத்தில், ஓர் அமாவாசையன்றுதான் தெரிந்தது.

அப்பாவுக்கு அப்போது தொண்ணூறு கடந்திருக்கும். அவர் பிறந்ததை எழுதி வைக்க என்னைப் போல ஒருவன் அப்போது இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியாது. பார்வை போன பிறகு தறியை விட்டுவிட்டுக் கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தார். இரண்டு பக்கத்துச் சுவர்களுக்கும் அப்பால் அடுத்த வீட்டுத் தறிகள். அந்தச் சத்தம்தான் அவருக்குக் கடிகாரம். அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. மற்ற நாளில் பகலில் தெரு முழுக்கத் தறி நின்றால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள். உடலை எடுக்கும்வரை யாரும் கால்மிதி இருக்கும் தறிக்குழியில் இறங்கமாட்டார்கள்.

அந்த அமாவாசைக்கு முன் மூன்று நாள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். நான்காம் நாள் காலை கண் விழித்தபோது தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

“யாரு பூட்டாங்க?” என்றார்.

கஞ்சி கொண்டுவந்த என் மனைவி, “யாரும் இல்ல மாமா. இன்னிக்கு அமாவாச,” என்றாள்.

“அமாவாச போன வாரமே ஆச்சே.”

காய்ச்சல் அவருடைய நாள் கணக்கைக் குழப்பியிருந்தது. கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

“வேற யாராச்சும்னா சொல்லியிருப்பீங்க. மறைக்கிறீங்கன்னா நான்தான் பூட்டேன்.”

தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது. இதைவிடக் குறைந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு கோப்பை முடித்த மேலதிகாரிகளை நான் அறிவேன். அதனால் முதலில் சிரித்தேன். மதியமும் வாயைத் திறக்கவில்லை, தண்ணீரும் வேண்டாம் என்றபோது சிரிப்பு போய்விட்டது. காய்ச்சலில் ஏற்கெனவே பாதியாகிப்போன உடம்பு. அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லி அனுப்பிவிட்டுக் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

அவர் கையைக் கிள்ளினேன். “வலிக்குதா நைனா?”

“வலிக்குது.”

“அப்பறம் இன்னா?”

“பழக்கம்டா. தறிக்குழிய வுட்டு ஏறுன அப்பறமும் காலு மிதிச்சிக்கினே இருக்கும். அந்த மாதிரி.”

“ஒருத்தர் செத்தா என் புஸ்தகத்துல பேரு ஏறணும். உன் பேரு ஏறல.”

“அழுதுக்கினு இருக்கச்ச எப்பிடி எழுதுவ? நாளைக்கு எழுதுவ.”

“நான் அழுவலியே!”

“அதான் எனக்கும் வருத்தம்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “சரி, நீ செத்துட்ட. இப்ப பேசறது யாரு?”

அவர் பார்வையில்லாத கண்களை உத்திரத்தின் பக்கம் திருப்பினார். “அதத்தான்டா நானும் காலையிலருந்து யோசிச்சிக்கினு இருக்கேன்,” என்றார்.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. அவரைவிட அது என்னைத்தான் அதிகம் படுத்தியது. வாசலில் போய் நின்றாலும் கூடவே வந்தது.

மறுநாள் விடிந்ததும் இரண்டு பக்கமும் தறிகள் ஓடத் தொடங்கின. வழக்கு என் பக்கம் முடிந்தது என்று கட்டிலருகே ஓடினேன். “கேட்டியா நைனா? தறி ஓடுது!”

“எடுத்துட்டாங்களா?” என்றார் நிம்மதியாக. “கூட்டம் எப்பிடி?”

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். நாடி பார்த்தவர் என்னை வாசலுக்கு அழைத்துப்போய், “இன்னிக்கு உள்ள ஏதாவது போகணும் சார். இல்லன்னா நாளைக்கு என்னைக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்ல,” என்றார்.

கேட்டுக்கொண்டிருந்த மனைவி சமையலறைக்குப் போய் உளுந்தை ஊறவைத்தாள். மதியம் தலைவாழை இலையோடு வந்தாள். சோறு, சாம்பார், வடை, பாயசம். கட்டிலை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் இலையை வைத்து, பக்கத்தில் கற்பூரத் தட்டை வைத்தாள்.

“இன்னா பண்ற?” என்றேன் மெல்லிய குரலில்.

“செத்தவங்களுக்குப் படைக்கிறதில்லியா? படைச்சா சாப்புடுவாங்கதான?”

“உயிரோட இருக்கிற மனுசனுக்கா? அதுவும் முறைப்படி பார்த்தா இது பதினாறாம் நாள் செய்யறது.”

“முறைப்படி உக்காந்துக்கினு இருந்தா பதினாறாம் நாளு நெசமாவே வந்துடும். கற்பூரத்த ஏத்துங்க.”

ஏற்றினேன். வாசனை எட்டியதும் அப்பா முகத்தைத் திருப்பினார். தலையணையை முதுகுக்கு வைத்து அவரைச் சாய்த்து உட்காரவைத்தோம்.

“படையலா?”

“ஆமா மாமா.”

“காக்காவுக்கு வெச்சியா?”

“வெச்சேன். எடுத்துக்கினு போச்சு.”

“அவன் எங்க? அவன் வுழுந்து கும்புடாம நான் எப்பிடித் தொடறது?”

நூற்றுக்கணக்கான பேரின் சாவைக் கை நடுங்காமல் எழுதியிருக்கிறேன். விழுந்தால் இவரை நானே எழுதி முடித்ததாகிவிடும். விழாவிட்டால் நாளை உண்மையாகவே எழுத வேண்டியிருக்கும். மனைவி என் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள்.

விழுந்தேன். சிமெண்ட் தரை நெற்றியில் சில்லென்று பட்டது. மேலே வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இலை சரசரத்தது. பல்லில்லாத வாய் மெல்லும் ஓசை கேட்டது.

“வடையில உப்பே இல்ல,” என்றார் அப்பா.

“படையலுக்கு ருசி பாக்கக் கூடாதே மாமா.”

“அது சரி,” என்றவர் அடுத்த வடையைப் பிட்டார். தண்ணீர் கேட்டார். நான் எழுந்தால் எல்லாம் நின்றுவிடுமோ என்று அப்படியே கிடந்தேன்.

மறுநாள் காலைக் கஞ்சிக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. அலுவலகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வாசலில் இறக்கிய சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய், இஸ்திரி போட்ட சட்டையோடு விழுந்தேன்.