அக்பர் அலியும் எட்டு சீட்டும்

அக்பர் அலி தன் இருபத்தொன்பது வருட உத்தியோகத்தில் பயிற்சி கொடுத்த அணிகளில் ஒன்றே ஒன்றுதான் கோப்பை வாங்கியது. அது சதுரங்க அணி. குதிரை எப்படி நகரும் என்பதில் அவருக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. "சத்தம் போடாம விளையாடுங்கப்பா" என்பதைத் தவிர அந்தப் பிள்ளைகளுக்கு அவர் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. உயிரைக் கொடுத்துப் பழக்கிய கபடி அணியோ, வருடம் தவறாமல் காலிறுதி வரை போய், அங்கே முறைப்படி தோற்று, பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பியது.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற வழியில் இருக்கும் ஒரு கலைக் கல்லூரியில் அவர் உடற்கல்வி இயக்குநர். இயக்குவதற்குக் கீழே ஆள் யாரும் கிடையாது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதும் அவர்தான், அதை மாடு மிதித்து அழித்த பிறகு மறுபடி போடுவதும் அவர்தான். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் மண்டியில் உட்கார்ந்துவிட, இவர் மட்டும் தப்பித்ததற்குக் காரணம் இவருடைய கணுக்கால் பிடி. கபடியில் எதிராளியின் கணுக்காலை ஒருமுறை பிடித்தால் விடமாட்டார். அந்தப் பிடிக்காக இதே கல்லூரி அவருக்கு இலவச இடம் கொடுத்துப் படிக்கவைத்தது. விளையாட்டுக்காரர்களுக்கென்று வருடத்துக்கு எட்டு சீட்டு. அந்த எட்டில் ஒன்று அவர்.

போன ஜூன் மாதம் தாளாளர் தங்கமுத்து அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒட்டன்சத்திரத்துக்காரர். கடுமையான விஷயத்தையும் மரியாதை குறையாமல்தான் சொல்வார். அதனாலேயே அவர் முன்னால் நிற்பவர்களுக்கு வேர்க்கும்.

"ஏனுங்க பி.டி. சார், இந்த எட்டு சீட்டால நமக்கு என்னங்க பிரயோசனம்?"

"எட்டு பசங்க படிக்கிறாங்க சார்."

"படிக்கட்டுமுங்க, நான் வேணாங்கல. உங்க ரூமுல ஒரு கண்ணாடி அலமாரி இருக்குதுங்களே, அதுல என்ன இருக்குதுங்க?"

அலமாரியில் சதுரங்கக் கோப்பையும் இரண்டு பல்லி முட்டைகளும் இருந்தன.

"இந்த வருசம் ஒரு கோப்பை வரட்டுங்க. எந்த விளையாட்டா இருந்தாலும் சரிங்க. வரலைன்னா அந்த எட்டையும் எடுத்துப்போடலாமுங்க."

வீட்டுக்கு வந்து மனைவி ரஃபியாவிடம் சொன்னார். ரஃபியா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் சுற்றி வளைக்கும் பழக்கம் இல்லாதவர்.

"கபடியில எத்தன காலேஜு வருது?"

"நாப்பத்திரெண்டு."

"அப்ப ஆளு கம்மியா வர்ற வெளையாட்டாப் பாருங்க."

அக்பர் அலிக்கு இது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. ஆனால் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவன் நிஹால். கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாம் வருடம். அமெரிக்காவில் நடக்கிற ஃபுட்பாலை செல்போனில் பார்த்துப் பார்த்து இன்டர்னல் பரீட்சையில் கோட்டை விட்டவன். இந்த வருடம் தென்மாவட்டக் கல்லூரிகளுக்கிடையே அமெரிக்கன் ஃபுட்பால் போட்டி ஒன்று நடக்கப்போகிறது, இதுவரை பெயர் கொடுத்தது மூன்றே கல்லூரி என்று சொன்னான். முதல் மூன்று இடங்களுக்குக் கோப்பை உண்டாம்.

"நாம சேர்ந்தா நாலு. நாலுல மூணு பேருக்குக் கோப்பையா?" என்றார் அக்பர் அலி.

"ஆமா சார். ஒரு மேட்ச் ஜெயிச்சாப் போதும்."

இருபத்தொன்பது வருடத்தில் இவ்வளவு நியாயமான விளையாட்டை அவர் கேள்விப்பட்டதில்லை.

டெக்சாஸில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர், அங்கே ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட ஹெல்மெட்டுகளையும் தோள் கவசங்களையும் பெட்டி பெட்டியாக அனுப்பிவைத்தார். கூடவே நாலு பந்து. பந்து உருண்டையாக இல்லை. இரண்டு முனையிலும் கூர்மை. அந்த ஊரில் இதைப் 'பன்றித்தோல்' என்று செல்லமாகச் சொல்வார்கள் என்று நிஹால் விவரம் தெரியாமல் உளறிவிட, அக்பர் அலி பந்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் அதைத் துணிப்பையில் போட்டு மண்டிக்கு எடுத்துப்போனார். அண்ணன் சாகுல் ஹமீது நாற்பது வருடமாகத் தோல் பார்ப்பவர். பந்தைக் கட்டை விரலால் அழுத்தி, முகர்ந்து, நகத்தால் கீறிப் பார்த்தார்.

"மாட்டுத் தோலுடா. நல்ல தோலு. எவன்டா இதப் பன்னின்னு சொன்னது?"

"அமெரிக்காக்காரன்."

"அவனுக்குத் தோலப் பத்தி என்ன தெரியும்" என்று பந்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அணிக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கபடிக்காரர்களுக்கே ஹெல்மெட்டை மாட்டிவிட்டார். ஆட்டம் அவருக்கு இப்படிப் புரிந்தது: பந்தை வைத்திருக்கிறவன் எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். நாலு முயற்சிக்குள் பத்து கஜமாவது முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து அவர்களுக்கு. பந்தோடு வருகிறவனை எதிரணிக்காரர்கள் பிடித்துக் கீழே விழத்தாட்ட வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லி முடிப்பதற்குள் பசங்களின் முகம் மலர்ந்துவிட்டது. விழத்தாட்டுவது அவர்களுக்குப் பிறந்த வீடு. சிறுமலைக்காரன் பிரபு, வாத்தியாரைப் போலவே கணுக்காலுக்குக் குறி வைப்பவன். அவன் தரையோடு தரையாகப் பாய்ந்தால் எதிரில் ஓடுகிறவனுக்கு விழுந்த பிறகுதான் பிடிபட்டதே தெரியும்.

சிக்கல் பந்து கையில் வந்த பிறகுதான். ஆத்தூர் விக்னேஷ்குமார் அணியிலேயே வேகக்காரன். கபடியில் பாடிப் போகிறவன். எதிராளி களத்துக்குள் புகுந்து, ஒருவனைத் தொட்டு, பிடிபடாமல் தன் கோட்டுக்குத் திரும்பி வருவதே அவன் தொழில். பந்தைக் கையில் கொடுத்தால் மின்னலாகப் பாய்வான். எதிராளி மேலே உரசிய அந்தக் கணமே அதே மின்னலாகத் திரும்பித் தன் பக்கம் ஓடி வந்துவிடுவான்.

பயிற்சியில் இதைத் திருத்தியாயிற்று என்றுதான் அக்பர் அலி நினைத்தார். ஜனவரியில் மதுரையில் போட்டி தொடங்கியது. முதல் நாள் அரையிறுதியில் விக்னேஷ்குமார் ஏழு முறை திரும்பி ஓடினான். ஏழாவது முறை எதிரணிக்காரர்களே நின்று வேடிக்கை பார்த்தார்கள். முப்பத்தெட்டுக்கு ஜீரோ.

மிச்சம் இருந்தது மறுநாள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் ஒன்றுதான். அதில் தோற்றால் நாலில் வெறுங்கையோடு போகிற அந்த ஒரே கல்லூரி இவர்களுடையது. எட்டு சீட்டும் போச்சு.

ஆட்டம் முடிந்து மைதானம் காலியான பிறகு விக்னேஷ்குமார் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். அக்பர் அலி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏலே அப்பு, ஏன்டா திரும்புற?"

"தெரியல சார். ஆள் மேல பட்டதும் வீட்டுக்குப் போயிரணும்னு காலு தானாத் திரும்புது."

அக்பர் அலியால் திட்ட முடியவில்லை. அந்தக் காலை மூன்று வருடம் அப்படிப் பழக்கியவர் அவரே. எழுந்து, காலால் தரையில் ஒரு கோடு கிழித்தார்.

"இங்குன வந்து நில்லு. நீ நிக்கிறது யாரு களம்?"

"நம்ம களம் சார்."

"இல்லடா. இது எதிராளி களம். நீ பாடி வந்து தொட்டாச்சு. இப்ப இங்குன மாட்டிக்கிட்டு நிக்கிற. அந்தாக்குல தெரியுதுல்ல கடைசிக் கோடு, அதுதான் நம்ம கோடு. நடுவுல நிக்கிறவன் பூராம் உன்னய வீட்டுக்குப் போக விடாமப் பிடிக்க வந்தவன்."

விக்னேஷ்குமார் ஹெல்மெட்டைப் பந்துபோலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"அப்ப யாரையும் தொட வேணாமா?"

"ஏற்கெனவே தொட்டாச்சு. திரும்பி வாரது மட்டுந்தான் பாக்கி."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல சார்."

பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டிருந்த நிஹாலுக்குப் பொறுக்கவில்லை. "சார், ரூல்புக்ல அப்படி எதுவுமே இல்ல சார்."

"ரூல் நடுவருக்கு அப்பு. இது அவன் காலுக்கு."

மறுநாள் எதிரில் வந்தது ஒரு பொறியியல் கல்லூரி. ஆள் ஒவ்வொருத்தனும் அலமாரி மாதிரி. இருந்தும் அவர்களால் முன்னேற முடியவில்லை. ஓடி வருகிற கால் எதுவானாலும் கீழே ஒரு கை இருந்தது. பெரும்பாலும் அது பிரபுவின் கை. நம்மவர்களாலும் முன்னேற முடியவில்லை. நிஹால் எறிந்த பந்துகளைப் பிடிக்க வேண்டியவர்கள் அவற்றைக் குளவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது ஜீரோவுக்கு ஜீரோ.

அப்போதுதான் விக்னேஷ்குமார் வீட்டுக்குக் கிளம்பினான். எதிரணி நழுவவிட்ட பந்தால் அவர்கள் கடைசிக் கோட்டுக்குப் பத்தே கஜம்தான் இருந்தது; அதில் இது நாலாவது முயற்சி. நிஹால் பந்தைக் கையில் திணித்தான். முதல் ஆள் உரசினான், கால் திரும்பவில்லை. இரண்டாம் ஆள் இடுப்பைப் பிடித்தான், மூன்றாம் ஆள் தோளில் தொங்கினான். ஏழெட்டு கஜம் ஓடி, கடைசியில் நாலு பேரை இழுத்துக்கொண்டு தவழ்ந்து, மூச்சைக் கட்டி, இடது கையை நீட்டிக் கடைசிக் கோட்டைத் தொட்டுவிட்டான்.

முதலில் உரசினவனையும் சேர்த்தால் கபடியில் அது ஐந்து புள்ளி. நம் அணி மொத்தமும் மைதானத்துக்குள் ஓடி அவன் மேல் விழுந்தது. அக்பர் அலியின் தொப்பி எங்கே போனதென்று தெரியவில்லை. நடுவர் மட்டும் அசையாமல் குனிந்து பார்த்தார். பந்து வலது கக்கத்தில் இருந்தது. கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே ஒரு கஜம்.

"தொட்டேன் சார், சத்தியமாத் தொட்டேன்" என்றான் விக்னேஷ்குமார்.

"தொட்டடா. பந்து தொடல" என்றார் அக்பர் அலி. அவருக்கும் அது அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது.

நாலு முயற்சியும் தீர்ந்ததால் பந்து எதிரணிக்குப் போனது. அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். எட்டு சீட்டையும் இடது கையால் தொட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. நிஹால் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"சார், இன்னும் முடியல. அவங்க தங்களோட கடைசிக் கோட்ட ஒட்டி நிக்கிறாங்க. பந்து வச்சிருக்கிறவன அந்தக் கோட்டுக்குப் பின்னாலயே விழத்தாட்டுனா நமக்கு ரெண்டு பாயிண்டு."

"பந்து அவன் கையில, பாயிண்டு நமக்கா?"

"ஆமா சார்."

"ஏன்டா இம்புட்டு நாளாச் சொல்லல?"

"நமக்கு நடக்கும்னு பயந்துக்கிட்டிருந்தேன் சார். அவங்களுக்கு நடக்கும்னு நெனைக்கல."

அக்பர் அலி எழுந்தார். முதுகுக்குப் பின்னால் இடமில்லாமல் ஒருவன் மாட்டிக்கொண்டு நிற்கிறான். அவனைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். இதற்கு எந்த ரூல்புக்கும் தேவைப்படவில்லை.

"பிரபு, கணுக்காலு. மத்தவனெல்லாம் மேல விழுங்க. எவனும் விட்றாதீங்க."

எதிரணியின் ஓட்டக்காரன் கோட்டுக்குப் பின்னால் நின்று பந்தை வாங்கி ஒரு அடி வைத்தான். இரண்டாவது அடிக்குக் கால் வரவில்லை. அலமாரிகளுக்கு நடுவே எந்தச் சந்தில் புகுந்தான் என்று தெரியாது, பிரபு அந்தக் கணுக்காலில் ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் மேல் ஒருவன், அவன் மேல் இருவர், கடைசியில் குவியலாக ஏழு பேர். நடுவர் இரண்டு உள்ளங்கையையும் தலைக்கு மேலே சேர்த்துக் காட்டினார். அது ஏதோ தண்டனை என்று நினைத்து நம் பசங்கள் எழுந்திருக்கப் பயந்தார்கள்.

விதிப்படி அடுத்து பந்தையும் எதிரணியே நமக்கு உதைத்துத் தர வேண்டுமாம். மீதி மூன்று நிமிடத்துக்கு அக்பர் அலி சொன்ன உத்தி ஒன்றுதான்: "பந்து கெடச்சவன் கட்டிப்பிடிச்சுக்கிட்டுப் படுத்துருங்க." படுத்தார்கள். இரண்டுக்கு ஜீரோ.

ஊருக்குத் திரும்பும் வேனில் எல்லாரும் பாடிக்கொண்டு வர, நிஹால் மட்டும் கொடைரோடு வரை பேசவில்லை. கேட்டதற்கு, "சார், இந்த ஸ்கோர வெளிய சொல்லாதீங்க. அமெரிக்காவுல இப்படி ஜெயிச்சா சிரிப்பாங்க" என்றான். அங்கே சின்ன ஆட்டமே இருபது, முப்பது என்று போகுமாம். ஒரு முறைகூடப் பந்தைக் கோடு தாண்டிக் கொண்டுபோகாமல் ஜெயிப்பது அபூர்வத்திலும் அபூர்வமாம்.

இதை யோசித்துக்கொண்டேதான் அக்பர் அலி திங்கட்கிழமை காலையில் கோப்பையோடு தாளாளர் அறைக்குள் போனார். தங்கமுத்து கையில் செய்தித்தாள் இருந்தது. ஆறாம் பக்கத்தில் நாலு வரி.

"ரெண்டுக்கு ஜீரோங்களா?"

"ஆமா சார்."

"அவனுக ஒண்ணுகூடப் போடலீங்களா?"

"இல்ல சார். ஒண்ணுகூட இல்ல."

"இது ஜெயிப்புங்க. கபடியில முப்பத்தொண்ணு முப்பதுன்னு இழுத்துக்கிட்டுக் கெடப்பீங்க. ஃபுட்பால்ல ரெண்டு கோல் வித்தியாசமுன்னா சும்மாங்களா?"

அக்பர் அலி பொய் சொல்லாத மனிதர். இது என்ன ஃபுட்பால், அந்த இரண்டு என்ன இரண்டு என்று விளக்க வாயைத் திறந்தார். அதற்குள் தங்கமுத்து, அடுத்த வருடச் சேர்க்கைக்கான தாளை இழுத்து, 'விளையாட்டு ஒதுக்கீடு – 8' என்ற வரிக்கு நேரே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அக்பர் அலி வாயை மூடிக்கொண்டார்.

"வர்ற வருசம் மூணு கோல் போடச் சொல்லுங்க, பி.டி. சார்."

"சொல்லிப் பாக்குறேன் சார்" என்று, மை காயும் முன்னே தாளை வாங்கிக்கொண்டு அவர் வெளியே வந்தார்.