சின்னப்பனின் அவஸ்தை வண்டி

அன்னூருக்குக் கிழக்கே கருங்கல்மேட்டு மாதா கோயிலில் சவாரி வண்டி ஓட்டிய சின்னப்பனைப் போல வாய் நீண்ட மனிதர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. மனசு தங்கம், வாய் தகரம் என்று அவரைப் பெற்றவளே சொல்லுவாளாம். மாடு நின்றால் ஒரு வசவு, நடந்தால் ஒரு வசவு. காளைகள் இரண்டும் காங்கேயத்துச் சாதி. கன்றிலிருந்து வசவைக் கேட்டே வளர்ந்ததால், வையாவிட்டால் அவை அடி எடுத்து வைக்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். ஊர் ஊராக, நோயில் விழுந்து கிடப்பவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கச் சாமியாரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கத்தோலிக்க வேதத்தில் தேவதிரவிய அனுமானங்கள் என்னும் அருட்சடங்குகள் ஏழு. பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் வார்ப்பதில் தொடங்கும் அந்த ஏழில், நோயாளியின் கண், காது, மூக்கு, வாய், கை, கால்களில் மந்திரித்த எண்ணெய் பூசி மன்றாடும் இதுவும் ஒன்று. எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், அது கொண்டுவரும் அருள் தெரியாது. அந்த அருளைத் தேவ இஷ்டப்பிரசாதம் என்பார்கள். யாரும் சம்பாதித்துக்கொள்ள முடியாதது, ஆண்டவர் தாமாக மனம் வைத்துக் கொடுப்பது.

சாமியார் எண்ணெயோடு, ஆண்டவரின் உடலாகவே வணங்கும் நற்கருணை அப்பத்தையும் ஒரு சிறு சிமிழில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் வண்டி ஏறுவார். சிமிழ் வண்டியில் இருக்கும் வரை ஒருவரும் பேசக் கூடாது. ஆண்டவரே கூட வரும்போது நமக்கென்ன ஊர்க்கதை? வண்டிக்காரர் ஒரு கையில் கயிறும் மறு கையில் மணியுமாக ஓட்டுவார். மணிச் சத்தம் கேட்டால் வேதக்காரர்கள் வழியிலேயே முழங்கால் போடுவார்கள். மற்றவர்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள்.

வையாமல் மாடு ஓட்டச் சின்னப்பன் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். நாக்கைச் சொடுக்கி ஓட்டப் பழகினார். முதலில் காளைகள் திரும்பிப் பார்த்தனவாம், ஆளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று. ஆனால் அந்த மௌனத்தை அவர் ஒரு தரம்கூட மீறியதில்லை. ஐப்பசி மழையில் பள்ளத்துச் சேற்றில் சக்கரம் அச்சுவரை இறங்கியபோதும், இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளினாரே தவிர வாய் திறக்கவில்லை. கோயமுத்தூரில் மில்லும் மோட்டாரும் பெருகிவிட்ட காலம்தான் அது. இருந்தாலும் இருபுறமும் வேலி நெருக்கும் இட்டேரிப் பாதைக்குள் எந்த மோட்டார் வரும்? சின்னப்பன்தான் போக வேண்டும். காலரா கண்ட வீட்டுக்குள் பெற்ற பிள்ளையே போகப் பயந்து வாசலில் நின்றபோது, மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், நோயாளியின் தலையைத் தூக்கிப் பிடித்தவர் அவர். அப்படி ஒரு மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டாமா?

ஊர் கும்பிடவில்லை, பயந்தது. அவஸ்தைப்பூசுதல் வாங்கினவன் பிழைக்கமாட்டான் என்று சனங்கள் அடித்துச் சொன்னார்கள். அதனால் நோயாளிக்கு நினைவு இருக்கும் வரை சாமியாருக்கு ஆள் அனுப்பமாட்டார்கள். மூச்சு இழுக்கத் தொடங்கின பிறகுதான், "ஓடு, சின்னப்பனை வண்டி பூட்டச் சொல்லு" என்பார்கள். வண்டி போய்ச் சேரும், சற்று நேரத்தில் உயிர் போகும். பார்த்தாயா, நாங்கள் சொன்னோமே என்பார்கள். கரை சேர்க்கிற ஓடத்தை மூழ்கின பிறகு கூப்பிட்டுவிட்டு, ஓடத்தின்மேல் பழி போட்ட கதைதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சின்னப்பனும் அதையே நம்பினார். சாமியார் தாடி நரைத்த பிரெஞ்சுக்காரர். வந்து வெகுகாலம் ஆகியும் அவர் தமிழ் ஏட்டுத் தமிழாகவே இருந்தது. "இது மரிக்கிறவர்களுக்கு மாத்திரம் அல்ல, பிணியாளர் திடப்படுவதற்கும் ஆகும்" என்று பிரசங்கத்தில் சொல்லுவார். சின்னப்பன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். ஆனால் அவர் கண்ணால் கண்டது வேறல்லவா? அவர் வண்டி போன வீட்டில் எழுந்து உட்கார்ந்த ஒரு நோயாளியை அவர் பார்த்ததே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் மாசி மாதம் அவருடைய மனைவி அருளாயிக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பருத்திக் காட்டிலிருந்து வந்தவள் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தாள், பிறகு எழவில்லை. வைத்தியர் கஷாயம் கொடுத்துப் பார்த்தார். கடைசியில், இனி கடவுள் விட்ட வழி என்று கையை விரித்துவிட்டார். பிள்ளையில்லாத வீடு. அவருக்கு அவள், அவளுக்கு அவர்.

காய்ச்சல் சற்று இறங்கியிருந்த ஒரு காலையில் அருளாயி கேட்டாள்.

"ஏனுங்க, சாமியாரைக் கூட்டிட்டு வாங்க. எண்ணெ பூசிக்கோணும்."

"எதுக்குங்கறேன் இப்ப? வெறுஞ் சொரந்தான். நாளைக்கு எந்திரிச்சு கூழு காச்சுவே."

"எனக்கு நெனவு இருக்கறப்பவே வாங்கிக்கறனுங்க. பொறவு எண்ணெ பூசறாங்களா, தண்ணி ஊத்தறாங்களான்னு தெரியாமப் போயிரும்."

அவர் காதில் விழாதது போல மாட்டுக்குத் தீனி போடப் போய்விட்டார். மறுநாளும் கேட்டாள். செவலைக் காளைக்குக் கால் தாங்குகிறது என்றார். அதற்கடுத்த நாள் கேட்டபோது வண்டி அச்சு விட்டுப்போச்சு என்றார். கட்டிலில் கிடந்தபடியே கதவு வழியாக அவளுக்கு வண்டி தெரிந்தது. அச்சும் நன்றாகத்தான் இருந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

யாருக்கும் இல்லை என்று சொல்லாத வண்டி, சொந்த வீட்டுக்குப் பூட்ட மறுத்தது. கோயிலில் சாமியார், "அருளாயி எவ்வாறு இருக்கிறாள்?" என்று விசாரித்தபோதும், "தேவலைங்க சாமி, எந்திரிச்சு உக்காந்துட்டாளுங்க" என்று துணிந்து புளுகினார். எண்ணெய் வீட்டுக்குள் வந்தால் அவள் போய்விடுவாள், வராத வரை இருப்பாள்: இந்த ஒரு கணக்கைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருந்தார். அன்புதான் அது, இல்லை என்று யார் சொன்னார்கள்? ஆனால் அந்த நாட்களில் அவரால் அவள் பக்கத்தில் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. முகத்தைப் பார்த்தால் கேட்டுவிடுவாளோ என்று வாசலுக்கும் தொழுவத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

அப்போதுதான் மேற்கே ஒரு தோட்டத்துச் சாளைக் குடிசையிலிருந்து ஆள் ஓடிவந்தது. பண்ணையத்து வேலைக்கு இருந்த இன்னாசி என்ற கிழவருக்கு மூச்சு இழுக்கிறதாம். சின்னப்பன் அருளாயிக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு வேதக்காரி ராசம்மாளை உட்கார வைத்துவிட்டு வண்டியைப் பூட்டினார். சாமியார் சிமிழோடு ஏறினார். உச்சி வெயிலில் மணியை அடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

கிழவருக்கு நினைவு தப்பியிருந்தது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. சாமியார் குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அசைவில்லை. பாவத்தை வாய்விட்டுச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்க வழியில்லை, நன்மை என்னும் நற்கருணை அப்பத்தைக் கொடுத்தால் விழுங்க ஆள் இல்லை. எண்ணெய் மட்டும் பூசி மன்றாடினார். சின்னப்பன் வழக்கம்போல மெழுகுதிரி பிடித்து நின்றார்.

கிழவருடைய மகன் சவரியப்பன் மூலையில் நின்று தேம்பினான். "பயந்துக்குவாருன்னுதானுங்க சாமி கூப்பிடாம இருந்தேன். சாமியைப் பார்த்தா உசுரு போயிரும்னு..."

கிழவரின் மனைவி அவனை முடிக்க விடவில்லை. "அவரா பயந்தாரு? நேத்துப் பூராக் கேட்டாரே! சாமி வந்துட்டாங்களா, வந்துட்டாங்களான்னு வாசலையே பாத்துட்டுக் கெடந்தாரே! நீ பயந்துக்கிட்டு அவரைத் தனியாப் போக உட்டுட்டியேடா!"

உருகிய மெழுகு சின்னப்பனின் புறங்கையில் விழுந்தது, அவருக்கு உறைக்கவில்லை. சவரியப்பன் நின்ற மூலையில் தானே நிற்பதாகத் தோன்றியது. பயந்தது நான், தவித்தது அவள் என்று அந்த நிமிஷத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. எத்தனையோ வீடுகளில் திரி பிடித்தவர், அந்தக் கட்டில்களில் கிடந்தவர்கள் எவ்வளவு நேரம் வாசலைப் பார்த்திருப்பார்கள் என்று அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

திரும்பும் வழியிலும் பேச முடியாது. கிழவர் வாங்காத நன்மை சிமிழுக்குள் அப்படியே இருந்தது. மாதா கோயிலுக்கு நேரே போகிற பாதையிலிருந்து சின்னப்பனின் வீடு இருந்த தெருவான வளவுக்கு ஒரு தடம் பிரியும். அந்த இடம் வந்ததும் அவர் கயிற்றை வலப்பக்கம் இழுத்தார். கோயிலுக்கே போய்ப் பழகிய காளைகள் முரண்டின. சாமியார் தொண்டையைக் கனைத்தார். சின்னப்பன் திரும்பிப் பார்க்கவில்லை, மறுபடியும் இழுத்தார். அவர் தோள் குலுங்குவதைச் சாமியார் பின்னாலிருந்து பார்த்தார். இத்தனை நாள் தேவலை தேவலை என்று கேட்டதன் பொருள் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு கையால் சிமிழை அணைத்தபடி முன்னால் நகர்ந்து, வண்டிக்காரர் கையிலிருந்த மணியை வாங்கி, வளவு முழுவதும் தாமே அடித்துக்கொண்டு வந்தார்.

மணிச் சத்தம் கேட்டு ராசம்மாள் வாசலில் தலைவிரிகோலமாக நின்று மாரில் அடித்துக்கொண்டாள். "அட பாவி மனுசா! உசுரோட இருக்கறவளுக்கு எமனை ஏத்திட்டு வந்துட்டியே!"

உள்ளே அருளாயி தலையைத் தூக்கிப் பார்த்தாள். சாமியார் சால்வையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தார், சின்னப்பன் வெளியே வந்து நின்றார். அவள் என்ன பாவத்தைச் சொல்லப் போகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் தன் பக்கம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். சின்னப்பன் பழைய சேலையை நனைத்து அவள் கைகளைத் துடைத்துவிட்டார். பருத்திக் காயின் கூர்முனை கீறிய கைகள். அந்த உள்ளங்கைகளில் எண்ணெய் பட்டது. கண்களில், காதுகளில், உதட்டில் பட்டது. பாதத்தில் பூசும்போது அருளாயி கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள். சாமியாரே சிரித்துவிட்டார். அவஸ்தைப்பூசுதல் நடக்கும் வீட்டில் சின்னப்பன் கேட்ட முதல் சிரிப்பு அது. அதன் பின் இன்னாசிக்கு என்று புறப்பட்ட நன்மையை அருளாயி வாங்கிக்கொண்டாள்.

சாமியார் கிளம்பும்போது சின்னப்பன் அவர் காலில் விழுந்தார். "பொய் சொல்லிப்போட்டனுங்க சாமி."

"எழுந்திரும். வண்டியைத் திருப்பினீர் அல்லவா? அந்த மனதையும் உமக்குக் கொடுத்தவர் ஆண்டவரே" என்றார் சாமியார்.

அருளாயி பிழைத்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். பிழைக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு வரை இருந்தாள். அந்த நாட்களில் சின்னப்பன் கட்டிலை விட்டு நகரவே இல்லை. மறைக்க ஒன்றுமில்லாமல் போனதால் இருவரும் வாய் ஓயாமல் பேசினார்கள். கல்யாணத்தன்று அவர் மாமனாரை வைதது, பஞ்ச காலத்தில் கம்பங்கூழைப் பங்கு போட்டுக் குடித்தது, அவள் போன பிறகு எந்தக் காளையை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பது வரை பேசினார்கள். வலி வரும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் மூடும்போதும் அந்தக் கை அவள் பிடியில் இருந்தது.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் ராசம்மாள் பொருமினாள். அவளுக்கும் துக்கம், அது கோபமாக வந்தது.

"அன்னைக்கு நீ வண்டியத் திருப்பாம இருந்திருந்தா அவ இன்னம் பத்து நாளாச்சும் இருந்திருப்பா."

சின்னப்பன் வாயிலிருந்து வசவு வரப்போகிறது என்று கூடியிருந்தவர்கள் எதிர்பார்த்தார்கள்.

"இருந்திருப்பா அம்மணி" என்றார் அவர். "நானும் பக்கத்துல போகாம, பொய் சொல்லிக்கிட்டு வாசல்லயே நின்னிருப்பேன்."

சின்னப்பன் பழையபடி வண்டி ஓட்டினார், மாட்டையும் பழையபடி வைதார். நோயாளி இருக்கும் வீடென்று கேள்விப்பட்டால் யாரும் கூப்பிடாமலே போய், "அவங்க சாமியாரைக் கேட்டாங்களா? மறைக்காமச் சொல்லு" என்று பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வார். சிலர் விரட்டினார்கள், சிலர் அவர் பேச்சைக் கேட்டுச் சாமியாரை அழைத்தார்கள். அப்படி எண்ணெய் பூசிக்கொண்ட நோயாளிகளில் ஒன்றிரண்டு பேர் எழுந்து நடமாடவும் செய்தார்கள். அதைப் பற்றி அவர் பெருமை பேசியதில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு சாயங்காலம், ராசம்மாளின் மருமகள் தொழுவத்துக்கு ஓடிவந்தாள்.

"அத்தைக்கு நெஞ்சு வலிங்க. ஆனா நல்லாப் பேசறாங்க. உங்களை ஒடனே வண்டி பூட்டச் சொன்னாங்க. எனக்கு நெனவு இருக்கறப்பவே சாமியாரைக் கூட்டிட்டு வரோணும், அந்தச் சின்னப்பன் வாசல்ல நிக்காம உள்ள வந்து எம் பக்கத்துல உக்காரோணும்னு சொல்லி உட்டாங்க."