மகன் வேடம்

நாடக விழாவின் வரலாற்றை நான் எழுதுவது இது எட்டாவது தடவை. ஒரே நாடகாசிரியரின் ஏழு நாடகங்கள், அவற்றுக்கென்றே ஒரு நடிகர் குழு. ஆண்டுக்கு மூன்றாக மாற்றி மாற்றி மேடையேற்றுகிறோம். இடம்பெயர்ந்த இடத்தில் அவர் இறந்தார். போர் முடிந்த பின் அவரிடம் படித்தவர்கள் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு பாடசாலை மண்டபத்தில் விழாவைத் தொடங்கினார்கள். விழா மலருக்கு ஒவ்வொரு முறையும் இதையேதான் எழுதுகிறேன். பழைய கட்டுரையைத் திறந்து, ஆண்டை மாற்றி, இடையில் இறந்தவர்களுக்கு முன்னால் 'அமரர்' சேர்த்தால் முடிந்தது.

குழுவில் எழுதாத விதி ஒன்று உண்டு. நாடகாசிரியர் தானே கொடுத்த வேடத்தை யாரும் திருப்பி எடுப்பதில்லை. நடிப்பவரே தானாக விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படி வேடம் பெற்றவர்களில் இன்னும் நடிப்பவர் ஒருவர்தான், ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்களுக்கு மாஸ்ரர். அறுபத்தாறு வயதில், வெளிநாடு போகத் துடிக்கும் இருபது வயது மகனாக வருவார். சென்ற ஆண்டு தாயின் காலில் விழுந்தவரால் எழ முடியவில்லை. தாயாக நடித்த பெண் கைகொடுத்துத் தூக்கினாள். மண்டபம் சிரித்தது.

அவர் வராத ஒரு கூட்டத்தில் பேச்சு எழுந்தது.

"தகப்பனா நடிக்கிற எனக்கு மாஸ்ரரை விட ஒன்பது வயசு குறைவு. என்னை 'அப்பு' எண்டு கூப்பிடேக்கை எனக்கே சிரிப்பு வருது," என்றார் ஒருவர்.

பருத்தித்துறையிலிருந்து வரும் ஓர் இளைஞருக்கு வேடத்தைக் கொடுப்பதென்று முடிவானது.

"ஆர் அவருக்குச் சொல்றது?" என்றேன்.

"நீங்கள்தான் அண்ணை," என்றாள் செயலாளர். "பேப்பரிலை எழுதிறவர், கதைக்கத் தெரியும்."

இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு முறையும் தேநீர் குடித்துவிட்டுச் சொல்லாமலே திரும்பினேன். இதற்கிடையில் இளைஞரின் பெயரோடு நடிகர் பட்டியல் அச்சகத்துக்குப் போய்விட்டது. அச்சகத்தார் வழக்கம்போல் மலரின் மாதிரி அச்சுப்படியான புறூவை நேரே மாஸ்ரருக்கு அனுப்பினார்கள். முதல் விழாவிலிருந்து பிழை திருத்துவது அவர். எங்களில் ஒருவருக்கும் அது நினைவில் இல்லை.

ஒரு நாள் காலையில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "தம்பி, புறூவ் பார்த்திட்டன். வந்து எடும்."

அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தாள்கள் அடுக்கியிருந்தன.

"பதினொரு பிழை. ரெண்டு உம்மடை."

நடிகர் பட்டியலைப் புரட்டினேன். புதியவரின் முதலெழுத்து தவறாக இருந்தது. அதையும் சிவப்பு மையால் சரி செய்திருந்தார்.

"மாஸ்ரர், நான் சொல்லத்தான் வந்தனான்..."

"ரெண்டு தரம் வந்து வெங்காய விலை கதைச்சிட்டுப் போனீர். உமக்கு எப்ப தோட்டம் வந்ததெண்டு யோசிச்சனான்."

நான் பட்டியலைத் திரும்ப அடுக்கில் வைத்தேன்.

"சொல்லியிருந்தா நானே விட்டிருப்பன். இனி விட்டனான் எண்டு சொல்ல ஏலாது. எடுத்துப்போட்டினம் எண்டுதான் சொல்ல வேணும்."

என் கட்டுரையை நீட்டினார். 'முதல் விழாவிலிருந்து இன்றுவரை மகன் வேடத்தில் அவரே தோன்றுகிறார்' என்று ஆண்டுதோறும் எழுதிவந்த வசனம் அதில் இருந்தது. 'இன்றுவரை' என்பதை வெட்டி 'சென்ற ஆண்டுவரை' என்றும், 'தோன்றுகிறார்' என்பதைத் 'தோன்றினார்' என்றும் மாற்றியிருந்தார். கையெழுத்து நேராக இருந்தது.

"இளையவருக்கு நீங்களாகவே விட்டுக்கொடுத்தீங்கள் எண்டு ஒரு வரி சேர்க்கட்டோ?"

"நடக்காததை ஏன் போடுறீர்? பேப்பரிலை உதுதானோ பழகினது?"

தாள்களை உறையில் போட்டு என்னிடம் தந்துவிட்டு, கதவுவரை வந்து வழியனுப்பினார்.

அன்று பின்னேரம் செயலாளர் கேட்டாள்: "மாஸ்ரர் என்ன சொன்னவர்?"

"திருத்தித் தந்திட்டார்."

"அப்ப ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் விளம்பரப் பக்கங்கள் எத்தனை என்று எண்ணத் தொடங்கிவிட்டாள்.