லிஃப்ட் வாசலில் ஒரு பூனைக் கதை

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு உயரம் என்றால் பயமில்லை. கம்பிக் கயிறுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, எந்தக் கட்டடத்தின் உச்சியிலும் சாவகாசமாக விசில் அடித்தபடி வேலை பார்ப்பார். கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னால்தான் மனிதருக்கு வேர்த்துக் கொட்டும். ராஜா பேசினாலும் தவளை பேசினாலும் அவருக்கு ஒரே குரல். லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை அட்டையை யாரோ வாசிப்பது போலவே இருக்கும்.

அதனால் அந்த வீட்டில் கதை என்பது அம்மாவின் இலாகா. அம்மா ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு புதுப் புத்தகம் வாங்கி, வண்ணத்தாள் சுற்றி, வீட்டில் ஜோடித்த மரத்தடியில் வைத்துவிடுவார். காலையில் பரிசுகளைப் பிரித்துக் கூச்சல் ஓய்ந்ததும் நால்வரும் பெரிய கட்டிலில் ஏறிக்கொள்வார்கள். அம்மா படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். பெரும்பாலும் பாதியில் அப்பாவின் போன் அடிக்கும். எங்காவது ஒரு லிஃப்ட் மக்கர் பண்ணியிருக்கும். அவரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கதை எப்படி முடிந்தது என்று இதுவரை எந்த வருஷமும் அவருக்குத் தெரிந்ததில்லை.

இந்த வருஷம் எல்லாம் தலைகீழ். அப்பாவுக்கு லீவு, அம்மாவுக்கு டியூட்டி.

"மத்தியானம் வந்துடுவேன். பிள்ளைங்களுக்குக் கதையை நீங்க படிச்சுடுங்க" என்றார் அம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே.

"நானா?"

"பின்னே, பக்கத்து வீட்டுக்காரரா?"

புத்தகத்தின் அட்டையில் ஒரு பூனை, ஒரு கலங்கரை விளக்கம், கொஞ்சம் கடல். அப்பா கட்டிலில் சாய்ந்து தொண்டையைச் செருமினார். இந்தப் பக்கம் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெரியவள். அந்தப் பக்கம், இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும் சின்னவன். எல்லோரும் அவனை வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் பள்ளிக்கூடத்தில் பேர் கேட்டால் அதைத்தான் சொல்வான்.

அப்பா ஒரு பக்கம் படித்தார்.

"அப்பா, இப்ப பேசினது பூனையா, நீயா?" என்றான் வாண்டு.

"பூனைடா."

"பூனை ஏன் கோவமா இருக்கு?"

"கோவமா இல்லையே."

அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பெரியவள் அவர் கையைப் பிடித்தாள். "அப்பா, ரெண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிட்ட."

"ஒட்டிக்கிட்டிருந்துச்சும்மா."

"ஒட்டல. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

கையும் களவுமாகப் பிடிபட்ட அந்த நேரத்தில் போன் அடித்தது. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டால் முகம் சுளிக்கிறவர், அன்று பாய்ந்து எடுத்தார். மறுமுனையில் கம்பெனி சூப்பர்வைசர். டியூட்டியில் இருக்க வேண்டிய ஆளுக்குக் காய்ச்சலாம். அடுத்த தெருவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது, உள்ளே இரண்டு பேர். "நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. கொஞ்சம் தயவு பண்ணுங்க!"

பிள்ளைகளை யாரிடம் விடுவது? பண்டிகை நாளில் எந்தக் கதவைத் தட்டுவது? ஒரு தோளில் கருவிப் பையை மாட்டினார். மறு கையில் வாண்டுவைப் பிடித்துக்கொண்டார். பெரியவள் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

மாடிப்படி ஏறும்போதே கூச்சல் கேட்டது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் மாடி வாசலில் ஓர் அம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார்.

"என் வீட்டுக்காரரும் எங்கம்மாவும் உள்ள மாட்டிக்கிட்டாங்கங்க. அம்மா பரவாயில்ல. இவருக்குத்தான் மூடின இடம்னாலே ஆகாது."

கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் அலறியது. "யாராவது வந்தாச்சா? மூச்சு முட்டுது! கதவை உடைங்க!"

"மாப்பிள்ளை, கத்தாதீங்க. கத்தினா இன்னும்தான் முட்டும்" என்றது ஒரு பெண் குரல், ஏதோ காய்கறி நறுக்கிக்கொண்டே பேசுவது போல நிதானமாக.

அப்பா கதவருகே குனிந்தார். "சார், மெக்கானிக் வந்துட்டேன். உள்ள காத்து வர வழி இருக்கு, பயப்படாதீங்க. கதவை மட்டும் தள்ளாதீங்க. மேல மோட்டார் ரூமுக்குப் போய்க் கையாலயே இறக்கிடுறேன். கொஞ்ச நேரம்தான்."

"கொஞ்ச நேரம்னா எவ்வளவு நேரம்?"

வாண்டு காதைத் தீட்டினான். இந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறான். சட்டென்று அவன் கண் விரிந்தது. "அப்பா! இது ஊசி டாக்டர்!"

ஊசி டாக்டரேதான். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பல் ஆஸ்பத்திரி வைத்திருப்பவர். போன மாதம் வாண்டுவின் சொத்தைப் பல்லைப் பிடுங்கியவர். அன்று வாண்டு போட்ட கூப்பாட்டில் தெருவே திரும்பிப் பார்த்தது. இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவன். வாண்டு கதவோரம் போய், ரொம்பப் பெரிய மனுஷத்தனமாகச் சொன்னான்.

"டாக்டர் அங்கிள், கண்ணை இறுக்கி மூடிக்கோங்க. மூக்கால மூச்சு விடுங்க. நல்ல பிள்ளைதானே நீங்க? எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

உள்ளே மாமியார் சிரிக்கிற சத்தம். வெளியே டாக்டர் மனைவியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அப்பா பிள்ளைகளைக் கதவிலிருந்து தள்ளிப் படிக்கட்டில் உட்காரவைத்தார். "இவங்களைக் கொஞ்சம் பார்த்துக்குங்கம்மா" என்று டாக்டர் மனைவியிடம் சொல்லிவிட்டுத் திரும்பினால், பெரியவள் அவர் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, வார்டுல பயப்படுற பிள்ளைங்களுக்கு அம்மா கதை படிப்பாங்கல்ல? நான் படிக்கட்டுமா?"

அப்பா பதில் சொல்லுமுன் உள்ளிருந்து மாமியார் முந்திக்கொண்டார். "படி கண்ணு, சத்தமா படி. எவ்வளவு நேரம்தான் இவர் புலம்பலையே கேட்டுட்டிருக்கிறது?"

மொட்டைமாடியில் மோட்டார் அறை. அப்பா மின்சாரத்தை நிறுத்தினார். ஒரு கையால் பிரேக்கைத் தளர்த்தி, மறு கையால் சக்கரத்தைப் பிடித்தார். பழைய லிஃப்ட் என்பதால் இரண்டையும் ஒரே ஆள் சமாளிக்கலாம். கயிற்றில் ஒவ்வொரு மாடிக்கும் மஞ்சள் சாயத்தில் அடையாளம் போட்டிருக்கும். அது தரையிலிருக்கும் கோட்டோடு சேர்ந்தால் லிஃப்ட் வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கயிறு இறங்குவதற்காக அந்த அறையின் தரையில் துளைகள் உண்டு. அந்தத் துளைகள் வழியாகப் பெரியவளின் குரல் கிணற்றிலிருந்து வருவது போல மேலே வந்தது.

இருட்டைக் கண்டாலே நடுங்குகிற ஒரு பூனை. வேலை கிடைத்ததோ கலங்கரை விளக்கத்தில். முதல் ராத்திரியே புயல். விளக்கு அணைந்துவிட்டது. தீப்பெட்டி நனைந்துவிட்டது. தூரத்தில் ஒரு கப்பல் பாறையை நோக்கி நேராக வருகிறது.

அப்பாவின் கை சக்கரத்தில் அப்படியே நின்றுவிட்டது. கப்பல் என்ன ஆகும்?

கீழே பெரியவள் மூச்சு வாங்கிக்கொள்ள நிறுத்தினாள். அப்போதுதான் அவருக்குத் தன் நினைவு வந்தது. 'அடப்பாவி, ரெண்டு பேர் தொங்கிக்கிட்டிருக்காங்க' என்று தன்னையே திட்டிக்கொண்டு, சக்கரத்தை மளமளவென்று சுற்றினார். மஞ்சள் அடையாளம் கோட்டில் வந்து உட்கார்ந்தது. பிரேக்கைப் பூட்டிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். சாவி போட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளே மாமியார் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு கேக் பெட்டி. டாக்டர் மூலையில் சாய்ந்து கண்ணை இறுக்கி மூடி, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். வாண்டு சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார் பாவம்.

"வெளிய வாங்க சார், சரியாயிடுச்சு" என்றார் அப்பா.

மாமியார் கையை உயர்த்தினார். "இருப்பா. கப்பல் என்ன ஆச்சுன்னு தெரியட்டும்."

டாக்டர் ஒரு கண்ணைத் திறந்தார். வாசல் திறந்திருப்பதைப் பார்த்தார். ஒரு காலை வெளியே வைத்தார். "ஆமா, ஒரு பக்கம்தானே? படிச்சுடும்மா" என்று அங்கேயே நின்றுவிட்டார்.

அப்பா கதவைத் தோளால் தாங்கிப் பிடித்தார். பெரியவள் படித்தாள். விளக்கில்லாத இருட்டில் பூனைக்கு உயிரே போய்விட்டது. தொண்டை கிழியக் கத்தியது. அந்தச் சத்தம் காற்றில் ஏறி, அலையைத் தாண்டி, கப்பல் தலைவன் காதில் விழுந்தது. பூனை கத்தினால் பக்கத்தில் கரை இருக்கிறது என்று அர்த்தம். கப்பலைத் திருப்பினான். எல்லோரும் பிழைத்தார்கள்.

"கேட்டீங்களா மாப்பிள்ளை?" மாமியார் எழுந்து புடவையைத் தட்டிவிட்டார். "கத்துறதுலயும் ஒரு புண்ணியம் இருக்கு. இனிமே நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

டாக்டர் அசடு வழிந்தார். அதற்குள் அப்பா குனிந்து கதவின் பள்ளத்திலிருந்து ஒரு ஜிகினாத் தோரணத்தை உருவி எடுத்தார். போகும்போது கதவிடுக்கில் சிக்கி, லிஃப்டை நடுவழியில் நிறுத்தியது அதுதான்.

"லிஃப்டுலயும் கிறிஸ்துமஸ் களை இருக்கட்டும்னு நேத்து இவர்தாங்க கட்டினார்" என்றார் டாக்டரின் மனைவி.

அப்பா தோரணத்தைச் சுருட்டி வாண்டுவின் கழுத்தில் மாலையாகப் போட்டுவிட்டார். மாமியார் விட்டால்தானே, எல்லோரையும் அதே கட்டடத்து மாடியிலிருந்த டாக்டர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார், படிக்கட்டு வழியாக. டாக்டர் கண்டிப்பாகப் படிக்கட்டுதான் என்று சொல்லிவிட்டார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்த அம்மா, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினார்.

"எங்க இருக்கீங்க?"

"பல் டாக்டர் வீட்டுல."

"ஐயோ! யாருக்குப் பல்லு?"

"பல்லெல்லாம் பத்திரமா இருக்கும்மா. நீ கிளம்பி வா, சொல்றேன்."

அம்மா யூனிஃபார்மோடு வந்து சேர்ந்தார். என்ன நடந்தது என்று கேட்டதும் ஆளுக்கொரு பக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பூனை லிஃப்டில் மாட்டிக்கொண்டதா, டாக்டர் கப்பலில் போனாரா என்று ஒரு கட்டத்தில் அவருக்கே குழம்பிவிட்டது. சிரித்துக்கொண்டே சோபாவில் சாய்ந்தார். காலையிலிருந்து வார்டில் நின்ற கால்கள். கேக்கை வெட்டிக்கொண்டு வருவதற்குள் வாய் லேசாகத் திறக்க, தூங்கியே போய்விட்டார்.

டாக்டரின் மனைவி ஒரு போர்வையைப் போர்த்திவிட்டார். எல்லோரும் சத்தமில்லாமல் கேக் சாப்பிட்டார்கள். வாண்டு ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "அம்மா தூங்குறாங்க, யாரும் பேசக் கூடாது!" என்று முழங்கினான்.

அம்மா திடுக்கிட்டு எழுந்தார். "என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல, கேக்தான் தீர்ந்துபோச்சு" என்றார் அப்பா, வாயைத் துடைத்துக்கொண்டு.

"யார் சொன்னது?" மாமியார் சமையலறைக்குள் போனார். மூடி போட்டு ஒளித்து வைத்திருந்த தட்டோடு வந்தார். பெரிய துண்டு. "டியூட்டி பார்த்துட்டு வந்த பொண்ணு. இந்தக் கூட்டத்தை நம்பி வைக்க முடியுமா?"

அம்மா தட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்து உட்கார, பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு ஸ்பூனோடு அவர் இரண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கொண்டார்கள்.